கேசரி கிளறாத ஞாயிறு

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டு ரவை டப்பாவைத் தூக்கிப் பரணில் ஒளித்து வைத்தேன். திருட்டுத்தனம்தான்... ஒப்புக்கொள்கிறேன்.

என் நாத்தனார் சுகுணாவைப் பெண் பார்க்க அன்று பெரணமல்லூரிலிருந்து வருவதாக இருந்தார்கள். பெண் பார்ப்பதென்றால் கேசரி, பஜ்ஜி. நான் கிளறுவேன், சுகுணா தட்டை நீட்டுவாள், “எல்லாம் எங்க பொண்ணு செஞ்சதுதாங்க” என்பார் என் மாமியார். இந்தப் பொய் எங்கள் ஆரணியில் மட்டும்தானா? உங்கள் வீட்டில் இல்லையா?

ஆனால் போன தடவை வந்த மாப்பிள்ளையின் அம்மா விவரமானவர். கேசரியை ருசித்துவிட்டு, “எப்படிம்மா செஞ்ச?” என்று கேட்டுவிட்டார்.

“மொத நாளே ரவைய ஊற வெச்சிடணும்ங்க” என்றாள் சுகுணா.

வறுக்கிற ரவையை யாராவது ஊறவைப்பார்களா? அவ்வளவுதான். கடிதம் போடுகிறோம் என்று போனவர்கள் போடவே இல்லை. சம்பந்தம் போனதுகூட அவளுக்குப் பெரிதில்லை. “பொய் சொல்லி மாட்டிகினேனே அண்ணி” என்று அழுதாள்.

அதனால் இந்த முறை தீர்மானமாகச் சொல்லிவிட்டாள் — “எனக்குத் தெரிஞ்சதத்தான் வைப்பேன்.”

அவளுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. கத்திரிக்காய்க் கடைசல். கத்திரிக்காய், தக்காளி, பச்சை மிளகாய், ஒரு பிடி பருப்பு... எல்லாவற்றையும் ஒரே சட்டியில் போட்டு அடுப்பில் ஏற்றிவிட்டுத் தறிக்குப் போய்விடுவாள். வெந்ததும் வந்து நாலு கடை கடைந்து தாளிப்பாள். ஆனால் சுடுசோற்றில் அதைப் பிசைந்து சாப்பிட்டுப் பாருங்கள்...

“பொண்ணு பாக்க வர்றவங்களுக்குக் கடைசலா? மானம் போயிடும்டி! மல்லிகா, ஜல்தியா ரவைய எடு” என்று மாமியார் என்னை விரட்டினார்.

“ரவை தீந்துபோச்சுங்க அத்தை” என்றேன்.

பஸ் தாமதமாகி, வந்தவர்கள் பசியோடு வந்தார்கள். இலை போட்டோம். மாப்பிள்ளையின் அம்மா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு நிமிர்ந்தார்.

“கடைசல் யாரு செஞ்சது?”

மாமியார் முந்திக்கொண்டார். “எங்க மருமக செஞ்சதுங்க!”

பார்த்தீர்களா? கிளறியது நான், கேசரி சுகுணாவுடையது. கடைந்தது சுகுணா, கடைசல் மட்டும் என்னுடையதாம்!

நான் வாயைத் திறப்பதற்குள் சுகுணா முன்னால் வந்தாள். கரண்டியும் கையுமாகக் கணீரென்று சொன்னாள்.

“இல்லீங்க, நான்தான் செஞ்சேன். எனக்கு இது ஒண்ணுதான் தெரியும்.”

“அளவெல்லாம் எப்படி?”

“அளவு ஏதுங்க? அடுப்புல வெச்சிட்டுத் தறியில குந்திகினு இருப்பேன். வாசனை வந்தா எழுந்து வருவேன்.”

மாமியார் தலையில் கை வைத்துக்கொண்டார். போச்சு, இதுவும் போச்சு என்று நினைத்தேன்.

“நானும் அப்படித்தாம்மா” என்றார் அந்த அம்மாள். “இன்னும் கொஞ்சம் சோறு போடு.” மாப்பிள்ளையின் இலையோ ஏற்கெனவே காலி.

வியாழக்கிழமை சம்மதம் என்று கார்டு வந்துவிட்டது. கேட்கிறேன்... கல்யாணமானபின் காலமெல்லாம் சாப்பிடப்போவது கேசரியா, கடைசலா? தெரிந்ததைத் தெரிந்தபடி வைத்தால் என்ன?

ஒரு விஷயம். கடைசலைச் சுகுணாவுக்குக் கற்றுக்கொடுத்ததே தான்தான் என்று மாமியார் இப்போது தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார்!