தரை தொடாத தூண்

சீவிய உரித்தை வைத்துக்கொண்டு மகளுக்கு எழுதிக்கொடுத்த வீட்டில் பெற்றோர் சாகும்வரை இருக்கலாம். மரங்களில் காய்ப்பதைப் பறிக்கலாம். ஆனால் சுவரையோ தரையையோ உடைப்பதானால் உரித்துக்காரியான மகளின் சம்மதம் வேண்டும். இது காணி விதி. எழுத்தில் வந்த ஒரு கோரிக்கைக்குப் பதில் தாமதமாகுமானால் “கிடைத்தது, கவனிக்கப்படுகிறது” என்று ஓர் இடைக்காலப் பதிலாவது போகவேண்டும். இது கச்சேரி விதி, அரசாங்க அலுவலக விதி. கச்சேரியில் இருந்த காலம் முழுக்க இந்த இரண்டாவது விதியை எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தேன். கடைப்பிடித்த எவரும் நினைவில் இல்லை. என் மனைவியின் அண்ணன் தன் மகளுக்கு ஒரு கோரிக்கை அனுப்ப விரும்பியபோது, அதை எழுத என்னைத் தவிர அவருக்கு ஆள் ஏது?

கோரிக்கை இதுதான். ஆரையம்பதி வீட்டு மண்டபத்தில் ஒரு முழச் சதுரத்துக்குத் தரையை உடைக்கவேண்டும். அடியில் இறுகிய மண்ணிலிருந்து ஒரு கொங்கிறீற் தூண் எழும்பும். தூணுக்கும் தரைக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி இருக்கும். தூணின்மேல் அவருடைய றெக்கோட் பிளேயர்.

அவர் நீர்ப்பாசன இலாகாவில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருந்து ஓய்வுபெற்றவர். எங்கள் பக்கத்து வழக்கப்படி கலியாணம் முடித்து மனைவியின் வீட்டுக்கு வந்தபோது, உடுப்புப் பெட்டியோடு ஒரு றெக்கோட் பிளேயரையும் கொண்டுவந்தார். அவர் மனைவி குதிக்காலை ஊன்றி நடப்பவர். அவர் மண்டபத்தைக் கடந்தால் ஊசி துள்ளும். நாதசுரக்காரர் பாதி ராகத்தை விழுங்கிவிட்டு அப்பால் போய்விடுவார்.

“மெதுவா நடவன் கா. தரைக்கு நோகப்போகுது.”

“இது என்ட வீட்டுத் தரை. நொந்தா எனக்குச் சொல்லும். உங்கட பெட்டிக்கு நோகுதெண்டா உங்கட அம்மா வீட்ட கொண்டுபோய் வைங்க.”

மாப்பிள்ளையாக வந்தவர் ஊசியைத் தூக்கி, விட்ட இடத்தில் திரும்ப வைப்பார்.

கடல் ஊருக்குள் வந்த காலையில் அவர் வாவிக்கு அப்பால், பழுகாமத்தில் ஒரு உறவினர் வீட்டில் இருந்தார். மனைவி வீட்டில் இருந்தார். வீடு நின்றது. மனைவியின் உடல் கிடைக்கவில்லை. பிளேயரும் இசைத்தட்டுகளும் போயின. இரவல் வாங்கி நான் திருப்பிக் கொடுக்காமல் வைத்திருந்த ஒரு நாதசுரத் தட்டு மட்டும் மிஞ்சியது. அதைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். அவர் வாங்கி, சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தார். நெடுங்காலம் அது அப்படியே இருந்தது.

பிறகு, மகளோடு அவுஸ்திரேலியாவில் இருக்கும் அவருடைய மருமகன் ஊருக்கு வந்தபோது புதிய பிளேயரும் அம்பிளிஃபயரும் ஸ்பீக்கர்களும் பூட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். அந்த வாரமே மச்சான் என்னைக் கூப்பிட்டார். பின்னேரம். மண்டபத்தில் நாங்கள் இருவர் மட்டும், இருவரும் கதிரையில். மிஞ்சிய அந்தத் தட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஊசி துள்ளியது.

“கண்டியா?”

“றோட்டால பஸ் போயிருக்கும் மச்சான்.”

“பஸ் எங்க போனது? நீ கண்டனியா?”

அன்று தொடங்கினார். ஸ்பீக்கர் வயர்கள் தரையில் படக்கூடாதென்று தேங்காய்ச் சிரட்டைகளைக் கவிழ்த்து அவற்றின்மேல் ஓடவிட்டார். பூனை அவற்றைத் தாண்டப் பழகிக்கொண்டது. பிளேயருக்கு அடியில் மணல் நிரப்பிய பெட்டி, மணலின்மேல் பலகை, பலகையின்மேல் பாதி காற்றடித்த சைக்கிள் ரியூப், அதன்மேல் கருங்கல். வயர்களை மாற்றினார், தடித்த செம்பு வயர் வந்தபின் நாதசுரக்காரர் மூச்செடுப்பதுகூடக் கேட்டது. ஊசி துள்ளுவது நிற்கவில்லை. தரை அதிர்கிறதா என்று பார்க்க ஒரு கிண்ணத்தில் தண்ணீர் நிரப்பிப் பிளேயரின் பக்கத்தில் வைத்தார். பஸ் போனால் தண்ணீர் நடுங்கும், ஊசி அசையாது. தண்ணீர் கண்ணாடிபோலக் கிடக்க, ஊசி துள்ளியதை நான் பார்த்தேன். விளக்கம் சொல்லவில்லை, பார்த்ததைச் சொல்கிறேன்.

மச்சான் கூப்பிட்ட மேசன் வந்து தரையைச் சுத்தியல் காம்பால் தட்டிக்கொண்டே போனார். சில இடங்களில் அது மேளம்போல ஒலித்தது.

“ஐயா, கடல் வந்தநேரம் உள்மண்ண இழுத்துக்கொண்டு போயிருக்கு. சீமெந்து சும்மா மூடியாக் கிடக்கு. தூண் ஒண்டைத் தனிய எழுப்பினாத்தான் சரி.”

மேசன் போனபின் மச்சான் குனிந்து அதே இடத்தைத் தன் விரல்முட்டியால் தட்டிப் பார்த்தார். பிறகு சொன்னார்: “தூண் தரையில முட்டாது. தரையில ஆர் நடந்தாலும் தூணுக்குத் தெரியாது. அதில வைச்சும் துள்ளினா, மச்சான், அது தரையில்ல.”

“துள்ளாட்டி?”

“துள்ளாட்டி, இவ்வளவு நாளும் நான் வெறும் பொள்ளல் தரையோடதான் இருந்திருக்கிறன்.”

அவர் முகத்தைப் பார்க்காமல் கோரிக்கையை எழுதினேன். “பொருள்: மண்டபத் தரையை உடைப்பதற்கு அனுமதி கோரல்” என்றுதான் தொடங்கினேன், வேறுவிதமாகத் தொடங்க எனக்குத் தெரியாது. தொலைபேசியில் அனுப்பினோம். மகள் வாசித்துவிட்டதற்கு அடையாளமாக இரண்டு சரிக்குறிகளும் நீலமாயின. பதில் வரவில்லை. இடைக்காலப் பதிலும் வரவில்லை. மற்றபடி தகப்பனும் மகளும் வழக்கம்போலப் பேசினார்கள்: மழை, மருந்து, பேரப்பிள்ளையின் பல். தரையைப் பற்றி அவளும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. நினைவூட்டல் அனுப்புவோமா என்று நான் கேட்டதற்கு, “பிள்ளைய ஆக்கினைப்படுத்தாத” என்றார். மேசன் இரண்டு தடவை வந்து திரும்பிப் போனார். பின்னேரங்களில் தட்டைப் போட்டுவிட்டு, இசையைவிட்டு அடுத்த துள்ளலைக் கேட்கக் காத்திருக்கும் ஒரு மனிதரோடு இருந்தேன். துள்ளினால் அவர் தலை சற்று உயரும். துள்ளாத நாட்களில் சோறு தின்னமாட்டார்.

கடைசியில் அவளுடைய குரல்பதிவு ஒன்று வந்தது. சின்ன ஸ்பீக்கரில் விளங்கவில்லை என்று அவர் தொலைபேசியை அம்பிளிஃபயரில் கொளுவினார். தான் சேர்த்த வயர்கள் எல்லாவற்றினூடாகவும் மகள் மண்டபத்தின் நடுவில் வந்து நின்று பேசினாள்.

“அப்பா, மாமா எழுதினத அண்டைக்கே வாசிச்சிட்டன். என்ன சொல்லுறதெண்டு தெரியல்ல. உடைச்சுப்போட்டு, மறுகா ஊசி துள்ளாட்டி அந்த வீட்டில எப்பிடித் தனிய இருப்பீங்க? உடைக்க வேணாம் அப்பா. லீவு கிடைச்சோடன வாறன். எனக்கும் ஒருக்கா ஊசி துள்ளுறதக் கேக்கவேணும்.”

அவர் அதை இன்னொரு தரம் போட்டார். பிறகு குனிந்து கருங்கல்லைத் தூக்கினார், ரியூபை இழுத்தெடுத்தார், மணல் பெட்டியை முற்றத்துக்குத் தள்ளச் சொன்னார். பிளேயரை வெறும் தரையில் வைத்தார்.

“மேசனுக்குச் சொல்லிவிடு மச்சான், தூண் வேணாமெண்டு. கோரிக்கைய வாபஸ் வாங்கிறதெண்டும் ஒரு கடிதம் எழுது. முறையா இருக்கட்டும்.”

எழுதினேன். கோரிக்கை நிராகரிக்கப்பட்ட பதில் கிடைத்த திகதியையும் அதில் குறிக்கவேண்டும் என்பது நடைமுறை. குறித்தேன்: சித்திரை வருடப்பிறப்புக்கு முந்திய நாள், அரசாங்க விடுமுறை, எந்தக் கச்சேரியிலிருந்தும் பதில் போகாத நாள்.