மலையேறப் புறப்பட்ட சொம்பு

நடப்பதற்குக் கால் போதும் என்று நம்பும் ஊரிலிருந்து வந்தவன் நான். மான்ட்ரியலில் என் அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர், இந்த மாகாணத்துப் பிரெஞ்சுக்காரர், ஒரு வாரம் மலையில் நடப்பதற்காகக் குளிர்காலம் முழுவதும் திட்டம் போடுவார். காஸ்பே பக்கத்து மலைகள். முதுகில் கூடாரத்தையும் சாப்பாட்டையும் சுமந்துகொண்டு அவரும் மனைவியும் கோடைதோறும் போவது வழக்கம். அந்த ஆண்டு எங்களையும் கூப்பிட்டார். எங்களைத் தன் வீட்டுக்குள் அழைத்த முதல் வெள்ளைக்காரர் அவர்தான். அப்படிப்பட்டவர் காட்டுக்குக் கூப்பிட்டால் மட்டும் மறுக்க முடியுமா?

என் மனைவிக்கு ஏக உற்சாகம். நடைக்கென்று வாங்கிய பூட்ஸை வீட்டுக்குள்ளேயே போட்டுப் பழகினாள். புடவைக்குக் கீழே பூட்ஸ் தெரிய அவள் சாம்பார் கிளறும்போது, ஏதோ ராணுவ முகாமில் பந்திக்கு உட்கார்ந்தது போல இருக்கும்.

எனக்கு இருந்தது ஒரே கவலை, அதாவது வெளியே சொல்லக்கூடிய கவலை ஒன்றுதான்: சாப்பாடு. அதை ஒரு மதிய இடைவேளையில் நண்பரிடம் விளக்கினேன். நாங்கள் சைவம். இறைச்சி சமைத்த பாத்திரத்தில் எங்களால் சாப்பிட முடியாது. எத்தனை தேய்த்தாலும் முடியாது. எது எந்தப் பாத்திரத்தில் என்பது எங்கள் நாகரிகத்தில் அடிப்படையான விஷயம். இதைச் சொன்னபோது என் குரலில் ஒரு மடாதிபதியின் கம்பீரம் இருந்திருக்க வேண்டும். நண்பர் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கவனமாகக் கேட்டார். "புரியுது," என்றார். அவருக்குப் புரிந்துதான் இருந்தது. சிக்கல் பிறகு என் பக்கத்திலிருந்துதான் வந்தது.

புறப்படுவதற்கு முந்தைய வாரம், சனிக்கிழமை, மூட்டைகளோடு அவர் வீட்டுக்குப் போனோம். நடைவழியில் எடை பார்க்கும் கருவியை வைத்திருந்தார். மலைக்காரர்களுக்கு ஒரு சடங்கு உண்டாம். ஒவ்வொருவர் மூட்டையையும் எல்லோர் முன்னிலையிலும் தரையில் கொட்ட வேண்டும். ஒவ்வொரு பொருளும் என்ன வேலை செய்யும் என்று சொந்தக்காரர் சொல்ல வேண்டும். இரண்டு வேலை செய்யாத பொருளுக்கு மலையில் இடமில்லை. அது ஓரத்தில் இருக்கும் தள்ளுபடிக் குவியலுக்குப் போய்விடும். இப்படி ஒரு சடங்கு இருப்பது தெரிந்திருந்தால் அன்றைக்கு எனக்குக் காய்ச்சல் வந்திருக்கும்.

நண்பர் தன் பல்தேய்ப்பானின் கைப்பிடியையே அறுத்து எறிந்திருந்தார். அவர் மனைவியின் கழுத்துத் துணி தலையணை உறையாகும், கட்டுத்துணியாகும், வடிகட்டியும் ஆகும். என் மனைவி தேங்காய் எண்ணெய்ப் புட்டியை எடுத்துக் காட்டி, "தலைக்கு, தாளிக்க, வெடிச்ச காலுக்கு," என்றாள். நண்பர் எழுந்து அவளுக்குக் கை கொடுத்தார்.

என் மூட்டையில் குடை தள்ளுபடி. கெட்டி அட்டைப் புத்தகம் தள்ளுபடி. அப்பளம், ஏற்கெனவே நொறுங்கியிருந்தபடியால், கருணை மனுவில் தப்பியது. கடைசியில், துண்டில் சுற்றி அடியில் வைத்திருந்த எவர்சில்வர் சொம்பு உருண்டு வெளியே வந்தது.

தமிழ் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. குழாய் இல்லாத மலைக்கு நம்மவன் சொம்பு எதற்குக் கொண்டுபோவான்? அங்கே என்ன ஏற்பாடு என்பதை நண்பர் முன்னமே ஒரு சின்ன மண்வெட்டியையும் ஒரு காகிதச் சுருளையும் காட்டி விளக்கியிருந்தார். நான் காகிதத்தில் கணக்குப் போடுவேன், கடிதம் எழுதுவேன். அதற்கு மேல் காகிதத்திடம் எதையும் எதிர்பார்த்ததில்லை.

எங்கள் வீட்டில் ஒரே மாதிரி இரண்டு சொம்புகள். ஒன்று அடுப்படியில் இருந்தது. மற்றது என் மனைவியின் தாய்மாமன் கல்யாணத்துக்குக் கொடுத்தது, அவர் பெயர் வெட்டியது. நாங்கள் விமானம் ஏறிய அன்று அந்த மாமா, "மாப்பிள்ளை அங்க போய்த் தட்டுதான் கழுவப் போறார்," என்று சொல்லிவிட்டார். மான்ட்ரியல் வந்து பெட்டியைத் திறந்த முதல் நாளே அந்தச் சொம்பைக் குளியலறைக்கு நாடு கடத்திவிட்டாள் என் மனைவி. அதன் பிறகு அது அந்த வாசலைத் தாண்டியதில்லை, நான் தாண்ட வைக்கும்வரை.

"இது?" என்றார் நண்பர்.

"தண்ணிக்கு."

"தண்ணிக்கு ஆளுக்கொரு பாட்டில் இருக்கே." சொம்பு தள்ளுபடிக் குவியலை நோக்கி நகர்ந்தது.

சம்பள உயர்வுக்குக்கூட நான் அப்படி வாதாடியதில்லை. "அதுல டீ போடலாம்," என்றேன். "சூப் வைக்கலாம். பால் காய்ச்சலாம். அடி தட்டை, அடுப்பில நல்லா நிக்கும்." ஒவ்வொன்றாக வாயிலிருந்து வந்துகொண்டே இருந்தது. நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

நண்பர் சொம்பை விரலால் சுண்டிப் பார்த்தார். எழுத்தைத் தடவி, என்ன எழுதியிருக்கிறது என்றார். "பெரியவங்க ஆசீர்வாதம்," என்றேன். அவர் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பிறகு தன் மூட்டையிலிருந்து ஒரு அலுமினியப் பாத்திரத்தை எடுத்தார். விலைச் சீட்டுகூடக் கிழிக்கவில்லை.

"இறைச்சி படாததா இருக்கணும்னு உங்களுக்காகப் புதுசா வாங்கினேன்," என்றார். "இனிமே எதுக்கு? இதுவே எல்லாருக்கும் போதும்." புதுப் பாத்திரம் என் குடைமேல் போய் உட்கார்ந்தது.

"இப்பவே வெச்சுப் பார்த்துடலாம்" என்று பின்பக்க பால்கனியில் முகாம் அடுப்பைப் பற்றவைத்துச் சொம்பை ஏற்றினார். அவர் மனைவி பொட்டலத்தைப் பிரித்தார். "பன்றி சேராத பட்டாணி சூப்," என்றார். "இந்த ஊர்ல அது கிடைக்கிறது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? கடை கடையா ஏறி இறங்கினேன்."

என் மனைவி என் பக்கம் சாய்ந்தாள். முகம் மட்டும் அவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

"என்னங்க, அது எந்தச் சொம்பு?"

"சொம்புல என்ன எந்தச் சொம்பு?"

"அடுப்படிச் சொம்புல காலைல நான்தான் பால் எடுத்து வெச்சேன்."

"மெதுவா பேசு."

"அவங்களுக்குத் தமிழ் தெரியாது. எந்தச் சொம்புன்னு உங்களுக்குத் தெரியுமில்ல? போய்ச் சொல்லுங்க."

"கொதிக்குதில்ல, எல்லாம் செத்துடும்."

கொதிநிலையில் எந்தக் கிருமியும் பிழைக்காது என்பது விஞ்ஞானம். கல்லூரியில் அரைகுறையாகப் படித்த விஞ்ஞானத்தை அன்றுதான் பக்தியோடு பற்றிக்கொண்டேன். இறைச்சிப் பாத்திரத்தை எத்தனை தேய்த்தாலும் ஆகாது என்று உபதேசித்த அதே வாய்தான் இதையும் சொன்னது. சூப் நாலு கோப்பையில் வந்தது. நல்ல வாசனை வேறு. நண்பர் மனைவி கோப்பையை உதட்டருகே கொண்டுபோனார். நான் என் பூட்ஸின் நாடாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் மனைவி கையை நீட்டி அந்தக் கோப்பையின் வாயை மூடினாள். "ப்ளீஸ், வேண்டாம்," என்றாள். பிறகு என்னிடம், தமிழில், "இப்ப நீங்க சொல்லுங்க."

"இந்தச் சொம்பு," என்று ஆரம்பித்தேன், "எங்க வீட்டுல குளியலறையில இருக்கிறது."

"ஓ, பல் தேய்க்கவா?" என்றார் நண்பர். "அதான் கொதிச்சாச்சே." கோப்பையை எடுத்தார்.

"பல்லுக்கு இல்ல."

"ஷேவிங்?"

"இன்னும் கீழ."

முதலில் புரிந்துகொண்டவர் அவர் மனைவிதான். கோப்பையைச் சத்தமே வராமல் கீழே வைத்தார். நண்பர் காகிதச் சுருளைப் பார்த்தார், மண்வெட்டியைப் பார்த்தார், சொம்பைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் வரும் என்று காத்திருந்தேன். வந்தது வேறு ஏதோ தெளிவு.

"அப்ப ஆபீஸ்ல," என்றார் மெல்ல, "காகித டம்ளரோட பாத்ரூமுக்குப் போவீங்களே, அதுவும்..."

"அதுவும்தான்."

"உள்ள உட்கார்ந்து காபி குடிக்கிறீங்கன்னு நினைச்சோம்."

"நினைச்சோம்னா?"

"எல்லாரும்தான். உங்க ஊர் வழக்கம் போலன்னு யாரும் கேக்கலை. புதுசா சேர்றவங்ககிட்டயும் சொல்லி வெப்போம், அதைப் பத்திக் கேட்டுடாதீங்கன்னு."

யாருக்கும் தெரியாது என்று அத்தனை வருஷம் நான் தலைநிமிர்ந்து நடந்த ஆபீஸ் நடைவழி அது. ஒரு அலுவலகமே மரியாதைக்காக என்னை அந்த இடத்தில் காபி குடிப்பவனாக ஏற்றுக்கொண்டிருந்தது.

நண்பர் சூப்பைத் தொட்டியில் கொட்டினார். கோப்பைகளைக் கழுவினார், மறுபடியும் கழுவினார். குவியலிலிருந்து புதுப் பாத்திரத்தை எடுத்து, விலைச் சீட்டை நகத்தால் உரித்து, அடுப்பில் வைத்து, இன்னொரு சூப் பொட்டலத்தைப் பிரித்தார். ஒரு சொல் கடிந்து பேசவில்லை. சொம்பை ஒரு கயிற்றால் என் மூட்டையின் வெளிப்புறச் சட்டத்தில் கட்டினார். "இது உள்ள வேண்டாம், வெளிய தொங்கட்டும். ஒரு வேலை போதும் இதுக்கு," என்றார். அவர் மனைவி எனக்கு இரண்டாம் முறையும் சூப் ஊற்றினார். வேண்டாம் என்று சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லாததால் குடித்தேன்.

மெட்ரோவில் வரும்போது என் மனைவி கேட்டாள்: "நான் கை வெக்கலேன்னா குடிக்க விட்டிருப்பீங்க, இல்ல?"

"அதான் கொதிச்சுதே..."

"சூப்பைக் கேக்கல. உங்களைக் கேக்கறேன்."

நான் ஜன்னலைப் பார்த்தேன். சுரங்கத்தில் பார்ப்பதற்கு என் முகம்தான் இருந்தது.

"மலைக்கு நான் வரேன்," என்றாள். "ஆனா சமைக்கிற பாத்திரம் அந்தம்மா பையில, இல்லேன்னா என் பையில. உங்க பையில கிடையாது." எழுந்து எதிர்வரிசையில் போய் உட்கார்ந்தாள்.

வண்டி வளையும்போதெல்லாம் சொம்பு சட்டத்தில் மோதி, கோயில் மணிபோலக் கணீரென்றது. பெட்டியில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு கிழவர் பாராட்டும் விதமாகத் தலையசைத்தார். நாங்கள் இறங்கும் அட்வாட்டர் நிலையம் வரும்வரை அதை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டே வந்தேன்.