மணி நாக்கில் கட்டிய துணி

முதலில் என் சைக்கிள் மணி ஒலிக்காமல் போயிற்று. ஒரு காலையில் தேரடி வளைவில் அதை அழுத்தியபோது, வாயைப் பொத்திக்கொண்டு யாரோ முனகியதுபோல் ஒரு சத்தம் மட்டும் வந்தது. இறங்கிப் பார்த்தேன். மணியைச் சுற்றி வெள்ளைத் துணிக் கீற்று ஒன்று இறுக்கமாகச் சுற்றி முடிச்சிடப்பட்டிருந்தது. தெருப் பிள்ளைகளின் சேட்டை என்று அவிழ்த்து எறிந்துவிட்டு வேலைக்குப் போனேன்.

அந்த வாரமே பூஜை மணியின் நாக்கில் அதே துணி கட்டியிருந்தது. பிறகு வாசற்கதவின் சங்கிலியில். பிறகு கிணற்று வாளியின் வளையத்தில்.

எழுபதுகளின் பிற்பகுதி அது. சங்கரன்கோவிலில் ஆசிரியர் பயிற்சிப் பள்ளி ஒன்றில் நான் விரிவுரையாளன். குழந்தை எவ்வாறு சொல்லைக் கற்கிறது, அச்சம் அதன் நாவை எவ்வாறு தடுக்கிறது என்பவை நான் நடத்திய பாடங்கள். வீட்டில் என் மனைவி, ஐந்து வயதை நெருங்கிய மகள், நான். அதற்கு முந்தைய மாசி வரை நால்வராக இருந்தோம். மகனுக்கு முகம் பார்த்துச் சிரிக்கும் பருவம். ஒரு காய்ச்சலில் போய்விட்டான்.

என் மனைவி சென்ற ஐப்பசியில் காலமானாள். மகளுக்கு அந்த ஆண்டின் எதுவும் நினைவில்லை. ஆகவே இதை அறிந்தவன் இனி நான் ஒருவனே. எழுதக் காரணம் அதுதான்.

எங்கள் உறவு வட்டத்தில் பச்சைக் குழந்தைக்கு வாய்விட்டு அழுவதில்லை. ஒப்பாரி இல்லை, சங்கு இல்லை. தாயின் அழுகுரல் காதில் விழுந்தால் குழந்தை போக மனமில்லாமல் வாசலிலேயே நின்றுவிடும் என்பார்கள். அன்று வீடு நிறையப் பெண்கள் வந்திருந்தும் எல்லோரும் கிசுகிசுத்தே பேசினார்கள். என் மனைவி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆண்கள் நாங்கள் சிலர் மட்டும் போய் மண்ணில் வைத்துத் திரும்பியபோது, உத்தரத்திலிருந்து தொட்டில் இறங்கியிருந்தது. குழந்தையின் சட்டைகள், துணிகள், பால் சங்கு எல்லாவற்றையும் பெண்கள் மூட்டை கட்டி எடுத்துப்போய்விட்டார்கள். அவன் இருந்ததற்கான அடையாளமே வீட்டில் இல்லை.

மகள் பேசுவதை நிறுத்தியது அதற்குப் பிறகுதான். ஒரே நாளில் நிற்கவில்லை. முதலில் குரல் தாழ்ந்தது, பின்பு காதருகே வந்து மட்டும் சொன்னாள், பின்பு தலையசைப்பு, கடைசியில் அதுவும் அரிதாயிற்று. அழவில்லை, அடம் பிடிக்கவில்லை. முன்பு ஓடிய பிள்ளை நுனிக்காலில் நடந்தாள். அடுத்த தெருவில் தறிகள் ஓடத் தொடங்கியதும் எழுந்துபோய் ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்துவாள். சித்திரை வெயிலில் நாங்கள் மூடிய வீட்டுக்குள் வேர்த்து உட்கார்ந்திருந்தோம். ஒருநாள் கவனித்தேன்: நானும் மனைவியும்கூடத் தாழ்ந்த குரலில்தான் பேசிக்கொண்டிருந்தோம். யாரும் எங்களை அப்படிப் பேசச் சொல்லியிருக்கவில்லை.

எனக்குத் தெரிந்த வழிகளையெல்லாம் முயன்றேன். பட அட்டைகளைக் காட்டினேன். அவளுக்குப் பிடித்த கதையைச் சொல்லி, அவள் முடிக்கட்டும் என்று பாதி வாக்கியத்தில் நிறுத்தினேன். வாய் திறக்கும். பிறகு என் தோளுக்குப் பின்னால், கூடத்தின் மூலையைப் பார்ப்பாள். வாய் மூடிக்கொள்ளும். நான் திரும்பிப் பார்ப்பேன். அங்கே சுவர்தான் இருக்கும்.

பக்கத்து வீட்டு அம்மாள் பூஜை மணியைப் பார்த்ததும் பின்வாங்கினாள்.

“சார்வாள், சொல்லுதேன்னு கோவிச்சுக்கிடாதீய. இது வாய்க்கட்டு. யாரோ செஞ்சு வச்சிருக்காவ. மணி வாயைக் கட்டுனா பிள்ளை வாயும் கட்டிக்கிடும்.”

“யாரும்மா நமக்குச் செய்யப்போறா? நமக்கு என்ன இருக்கு?”

“ஆமா, படிச்சவுகட்டப் போயி சொல்லுதேன் பாருங்க!” என்றவள் என் மனைவியிடம் திரும்பினாள். “ஏட்டி, நீயாவது கேளு. நாளைக்கே கோமதியம்மன் சன்னதிக்குக் கூட்டிட்டுப் போ. புத்து மண்ணைக் கரைச்சு நாக்குல வையி.”

மறுநாளே போனோம். புற்று மண்ணை மகள் மறுக்காமல் வாங்கிக்கொண்டாள். கோயில் மணி முழங்கியபோது மட்டும் இரண்டு கைகளையும் நீட்டி, அதை எட்டிப் பிடித்து நிறுத்த முயல்பவளைப்போல் நின்றாள்.

ஆனியில் பள்ளிக்கூடத்தில் சேர்க்க அழைத்துப்போனேன்.

“கையைத் தலைக்கு மேல போட்டுக் காதைத் தொடு மக்கா” என்றார் தலைமையாசிரியர். தொட்டாள். “சபாசு! பேரு என்ன?”

அவள் ஆள்காட்டி விரலை உதட்டில் வைத்து அவரைப் பார்த்தாள்.

“என்னையவே வாயைப் பொத்தச் சொல்லுதா பாருங்க சார்வாள்! இவ டீச்சராத்தான் வருவா” என்று சிரித்தார். மறுபடி கேட்டார். அவள் எழுந்துபோய், வகுப்புகளின் இரைச்சல் வந்த ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். அவர் சிரிப்பு நின்றது. “பேச ஆரம்பிச்சதும் கூட்டிட்டு வாங்க. இல்லைன்னா, வாய் பேசாத பிள்ளையளுக்குன்னு வெளியூர்ல விடுதிப் பள்ளிக்கூடம் இருக்கு. அங்கன விடுததுதான் அதுக்கு நல்லது.”

அன்று இரவு இதை மனைவியிடம் சொன்னேன். அவள் ஏற்கெனவே ஒன்றைப் பறிகொடுத்தவள். கதவுச் சங்கிலியில் புதிதாகக் கட்டியிருந்த துணியை அவிழ்த்தாள். எதற்கோ அதை மூக்கருகே கொண்டுபோனாள். பிறகு என்னிடம் நீட்டினாள். வசம்பின் வாசனை. கைக்குழந்தைக்கு உரைத்துப் பூசுகிற வசம்பு.

“இது அவன் துணி” என்றாள். “அன்னைக்கே எல்லாத்தையும் எடுத்துட்டுப் போயிட்டாவளே. இது எப்படி வந்துச்சு?”

நாங்கள் இருவரும் அந்த மூலையைப் பார்த்தோம் என்பதை மட்டும் சொல்ல முடியும்.

விடை ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் வந்தது. அடுக்களைப் பரணிலிருந்து பித்தளைக் குடத்தை இறக்கினேன். கைநழுவி அது தரையில் உருண்டு வீடே அதிர்ந்தது. மகள் எங்கிருந்தோ பாய்ந்து வந்தாள், என்னிடம் அல்ல, கூடத்து மூலைக்கு. தன் நெஞ்சு உயரத்தில் இரண்டு கைகளையும் வெறும் காற்றின்மேல் வைத்து, மெல்ல ஆட்டினாள். தொட்டில் தொங்கிய இடம், அதே உயரம். ஆட்டிக்கொண்டே, பல வாரங்களாக நாங்கள் கேட்டிராத குரலில் சொன்னாள்: “ஒண்ணுமில்லலே, ஒண்ணுமில்ல. தூங்கு.”

கைகளின் அசைவுக்குக் கீழே காற்று கனத்துத் தொங்குவதுபோல் எனக்குத் தோன்றியது. நான் அருகில் போகவில்லை. என் மனைவி போனாள். போய் மகளுக்குப் பக்கத்தில் குந்தி, அவளைப்போலவே கிசுகிசுத்தாள்.

“யாரு தூங்குதா?”

“தம்பி. சத்தம் போடாதம்மா. முழிச்சிருவான்.”

“யாருட்டி சொன்னா?”

“எல்லாரும்தான் சொன்னாவ. சத்தம் போடாத, தம்பி தூங்குதான்னு. நீயும்தான் பேசவே இல்லையே.”

குழந்தையை எடுத்துப்போனபோது அவளை அடுக்களையில் அடக்கி வைத்தவர்கள் ஆளுக்கு ஒரு தடவை அதைச் சொல்லியிருக்கிறார்கள். வீடு நிறைந்த கூட்டம் கிசுகிசுத்ததைக் கண்ணால் கண்டு, அவள் அதை நம்பியிருக்கிறாள். அவன் விழித்துவிட்டான் என்று பிறகு யாரும் வந்து சொல்லவில்லை. அரிசிப் பானைக்குப் பின்னால் மூட்டையில் சேராமல் தப்பிய அவன் துணி ஒன்று, கீற்றுக் கீற்றாகக் கிழித்து மடித்து வைத்திருந்தது.

அன்று மாலையே அவனைப் புதைத்த இடத்துக்குப் போகவேண்டும் என்றாள் மனைவி. பெண்கள் போவதில்லை என்றேன். வீட்டிலேயே பக்குவமாகச் சொல்லலாம் என்றும் சொன்னேன்.

“இங்கன வச்சுச் சொன்னா அவ இந்த மூலையைத்தான் பாப்பா” என்றாள். “நானும்தான்.”

ஊருக்கு மேற்கே ஓடைக் கரையில், உடைமுள் மரங்களுக்கிடையே, கரிசல் வெடித்துக் கிடந்தது. கல்லோ மேடோ இல்லை. இடம் எனக்குத்தான் தெரியும், காட்டினேன். மனைவி அப்போதுதான் முதன்முதலாக அதைப் பார்த்தாள்.

“தம்பி வீட்ல இல்லைட்டி. இங்கன இருக்கான். தூங்கலை. செத்துப்போயிட்டான்.”

மகள் மண்ணைப் பார்த்தாள். “எழுப்புனா?” என்று கிசுகிசுத்தாள்.

“கூப்பிட்டுப் பாரு.”

குனிந்து கூப்பிட்டாள். காத்திருந்தாள். இன்னும் சற்று உரக்க, “ஏலே தம்பி” என்றாள். பிறகு நிமிர்ந்து, முழுக் குரலில், அந்த வெளி முழுவதும் கேட்கும்படி கத்தினாள்: “ஏலே, எந்திரி! ஏலே!”

மண்ணில் காதை வைத்துக் கேட்டாள். நாங்களும் கேட்டோம். அந்தக் கணத்தில் ஏதேனும் ஒரு சத்தம் வந்திருந்தால் நான் வியந்திருக்கமாட்டேன். வரவில்லை.

“நான் கத்துனாலும் அழமாட்டானா?”

“மாட்டான்.”

அவள் முகம் கோணிற்று. வாய் அகலத் திறந்து அழுதாள். என் மனைவி அவளோடு உட்கார்ந்து ஓசையில்லாமல் அழுதாள், பின்பு ஓசையோடு.

ஓடைக்கு அப்பால் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர் கம்போடு ஓடிவந்தார்.

“என்ன அண்ணாச்சி, பூச்சி கீச்சி கடிச்சிட்டா? பிள்ளை ஏன் இந்தக் கத்து கத்துது?”

என் மனைவி தலையைத் திருப்பாமலே சொன்னாள்: “அவ தம்பிக்கு அழுதா. அழட்டும்.”

அவர் தலைத்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, எங்களோடு நின்றார்.