பட்டன் போனில் விழுந்த பாடு

அன்று சாயங்காலம் பசியாவரம் ஊர்க்கூடத்தில் இருந்தவர்கள் நான்கு பேர். வரதன், அவர் தம்பி மகன் உதயகுமார், ஊர் சார்பில் சாட்சிக்கு வந்த பூவரசன், வாசலோரம் நின்ற ஜமுனா. தானும் கூட இருந்ததாகச் சொல்லித் திரிகிறவன் எவனும் புளுகன். இது நடந்தது. நடந்தபடியே சொல்லப்படுகிறது.

ஏரியில் எந்த வீட்டுக்காரர் எந்த இடத்தில் வலை கட்டலாம் என்பதைச் சீட்டுப் போட்டுத்தான் முடிவு செய்வார்கள். அப்படி விழும் இடத்துக்குப் பாடு என்று பெயர். சீட்டுக் குடம் பரம்பரையாக வரதன் வீட்டில்தான் இருந்தது. போன வருஷம் பூவரசன் அந்தக் குடத்தின் மேல் சந்தேகம் கிளப்பினான். சொந்த வலையின் கிழிசலைத் தைக்கத் துப்பில்லாதவன். ஆனாலும் வரதன் குடும்பத்தின் பெயரில் அழுக்குப் பட்டுவிட்டது.

அதனால்தான் உதயகுமாரின் பொம்மையை வரதன் கூடத்துக்குள் விட்டார். மீஞ்சூரில் வேலை பார்க்கும் அவன், லீவு நாளெல்லாம் பழைய பட்டன் போன்களுக்குப் புரோகிராம் எழுதுவான். காயலான் கடைக்குப் போக வேண்டியதற்கு அறிவு புகட்டுகிற பிழைப்பு.

"பட்டனை அமுக்குனா அதுவா ஒரு பேரை எடுக்கும் பெரியப்பா. யாரும் கை வெக்க முடியாது."

"தினகரன் பேரு?"

"நீங்க வேணாம்னீங்களே. ஏத்தல."

தினகரன் ஐப்பசியில் முகத்துவாரத்தில் மூழ்கியவன். ஜமுனாவின் புருஷன். ஆண் ஆள் இல்லாத வீட்டுக்குப் பாடு கிடையாது என்பது ஊர் வழக்கம்.

"கையால நண்டு தடவியே எத்தினி நாளு மாமா சாப்புடுறது?" என்று அவள் கேட்டாள். வரதன் பூவரசனிடம், "எடத்தைச் சொல்லு" என்றார்.

பூவரசன் இடத்தைச் சொன்னான். உதயகுமார் பட்டனை அமுக்கினான். டிக். வந்த பெயரை அவனே வாசித்தான். இப்படியே ஒவ்வொன்றாக முடிந்தது. மிஞ்சியது ஓர் இடம், ஒரு பெயர். வரதனின் பெயர்.

"கிழக்கு ஆழம்," என்றான் பூவரசன். "நல்ல எடந்தான் மிச்சம் வெச்சிகிது, உங்க வூட்டு மிஷினு."

டிக்.

உதயகுமார் வாசிக்கவில்லை.

"இன்னாடா, வாய் அடைச்சிப்போச்சா?" வரதன் போனைப் பிடுங்கிப் பார்த்தார்.

தினகரன்.

மறுபடி அமுக்கினார். தினகரன்.

"கருவாட்டுக்கும் ஆவாத மிஷினு." பேட்டரியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

திரை அணையவில்லை...

டிக்.

யாரும் தொடவில்லை.

டிக்... டிக்...

சேற்று வாடை வீசியது.

"வந்துட்டியா?" என்றாள் ஜமுனா.

திரை அணைந்தது.

மறுநாள் காலை உதயகுமார் வந்தான். 

"பெரியப்பா, நேத்து அந்தப் பேரை நீங்களே படிச்சீங்க இல்ல?"

"ஆமா."

"உங்களுக்கு இங்கிலீஷ் தெரியாதே."

"தமிழ்லதாண்டா இருந்துச்சு."

"அந்த போன்ல தமிழ் எழுத்தே கெடையாது. நான் எல்லாப் பேரையும் இங்கிலீஷ்லதான் ஏத்தினேன்."

கிழக்கு ஆழத்தில் இப்போது ஜமுனா ஆள் வைத்து வலை கட்டுகிறாள். வரதன் வீட்டுக்கு இந்த வருஷம் பாடு இல்லை. பேய்க்குப் பயந்து அவர் விட்டுக்கொடுத்தார் என்று பொன்னேரி சந்தை வரை பேச்சு. அது பொய். விழுந்த சீட்டை மறுக்கும் வழக்கம் அந்தக் குடும்பத்தில் இல்லை.