பதினேழாம் பிளாக்கில் தட்டப்பட்ட கதவு

காலை பதினொரு மணிக்குப் பரமசிவம் கிளினிக்குக்குள் வந்தார். நைட் ஷிப்ட் முடித்துத் தூங்க வேண்டியவர். சட்டைப் பொத்தான்களை மாற்றிப் போட்டிருந்தார். வரவேற்பு மேசையில் இருந்த எழில்மதி டோக்கன் எழுதப் பேனாவை எடுத்தாள்.

“எனக்கு ஒண்ணும் இல்லம்மா. பதினேழாம் பிளாக்ல என் குவார்ட்டர்ஸ் கதவை ஊரே தட்டுது. தோல் டாக்டர் இருக்காங்களான்னு கேக்குறான். நேத்து ஒருத்தன் கேக்கக்கூட இல்ல, லுங்கியைத் தூக்கித் தொடையக் காட்டுறான். ஆறு மாசமா படை இருக்காம். நான் மெக்கானிக்கும்மா. சுரங்கத்துக் கன்வேயர் பெல்ட்டுக்குத்தான் வைத்தியம் பார்ப்பேன்.”

நாற்காலிகள் காலியாக இருந்தன. சிரிக்கக்கூட ஆளில்லை. எழில்மதியும் சிரிக்கவில்லை.

“எத்தினி பேர் வந்தாங்க சார்?”

“இந்த வாரம் பத்துப் பன்னிரண்டு பேரு இருக்கும்.”

அந்த வாரம் கிளினிக்குக்கு வந்தவர்கள் ஏழு பேர்.

எழில்மதிக்கு இது மூன்றாவது வேலை. முதலில் இருந்த பிரவுசிங் சென்டரை மூடினார்கள். அடுத்து இருந்த ஜெராக்ஸ் கடையும் போயிற்று. இரண்டு இடத்திலும் கடைசி நாள் ஷட்டரை இழுத்துவிட்டவள் அவள்தான். டாக்டர் திலகவதி ஆவணியிலேயே சொல்லிவிட்டார்: பொங்கல் வரைக்கும் இப்படியே இருந்தால் கோயம்புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிடுவதாக. எழில்மதி அன்று வீட்டுக்குப் போய் அம்மா தனத்திடம், “இந்தக் கதவை நான் சாத்த மாட்டேன்” என்றாள். “நீ என்னா டாக்டரா?” என்றாள் தனம்.

கிளினிக்குக்கு ஒரு இணையதளம் இருந்தது. இரண்டு வருடங்களுக்கு முன்பு சென்னையில் யாரோ செய்து கொடுத்தது. திறந்தால் வெள்ளைவெளேரென்று ஒரு பெண் சிரிப்பாள். அவள் சிரித்து முடிப்பதற்குள் போனில் நெட் தீர்ந்துவிடும். கீழே டெர்மடாலஜி, ட்ரைக்காலஜி என்று ஆங்கிலத்தில் வரிசையாக இருக்கும்.

எழில்மதியிடம் டோக்கன் நோட்டுகள் இருந்தன. வந்தவர் என்ன சொன்னாரோ அதை அப்படியே பெயருக்குப் பக்கத்தில் எழுதுவது அவள் வழக்கம். ‘கல்யாணத்துக்குள்ள தேமல் போவணும்.’ ‘தலை சீவினா கொத்தா வருது.’ ‘ஷிப்ட் பூட்ஸ், விரலிடுக்கு நாறுது.’ மூன்று வருட நோட்டில் ஒருவர்கூட டெர்மடாலஜி என்று சொல்லியிருக்கவில்லை. தோல் வியாதியை யாரும் பக்கத்து வீட்டில் கேட்பதில்லை, போனில்தான் கேட்பார்கள். நோட்டில் இருந்த சொற்களை அவள் ஒவ்வொன்றாகத் தன் போனில் தட்டித் தேடிப் பார்த்தாள். எலுமிச்சம்பழம் தேய்க்கச் சொன்னார்கள். சென்னைக்கு வரச் சொன்னார்கள். டாக்டரின் பெயர் ஒன்றிலும் வரவில்லை.

இணையதளத்துக்கு, ஒரு தொந்தரவுக்கு ஒரு பக்கம் என்று எழுதினாள். தலைப்பில் நோட்டிலிருந்த சொல்லையே வைத்தாள். தமிழில் ஒரு தரம், தமிழை ஆங்கில எழுத்தில் அடிப்பவர்களுக்காக இன்னொரு தரம். சிரிக்கும் பெண்ணை எடுத்துவிட்டாள். டாக்டர் ஒவ்வொரு பக்கத்தையும் படித்துத் திருத்தினார். ‘முழுமையாகக் குணமாகும்’ என்று அவள் எழுதியதை எல்லா இடத்திலும் அடித்து, ‘சிகிச்சை உண்டு’ என்று போட்டார். இரண்டு மாதம் இப்படிப் போயிற்று. ஆட்கள் வரவில்லை என்று நினைத்திருந்தாள். வந்திருக்கிறார்கள், பரமசிவத்தின் வீட்டுக்கு.

அவள் உள்ளே போனாள். “மேடம், மேப்ல நம்ம அட்ரஸ் எது குடுத்தீங்க?”

டாக்டர் நிமிரவில்லை. “அப்பாவோட குவார்ட்டர்ஸ். அப்ப அங்கதான இருந்தோம்.”

டாக்டரின் அப்பா ரிடையராகிக் குவார்ட்டர்ஸைக் காலி செய்து ஒரு வருடம் ஆயிற்று; இப்போது அதில் பரமசிவம் இருந்தார். கிளினிக் இருப்பது நெய்வேலி டவுன்ஷிப்புக்கு வெளியே, மந்தாரக்குப்பத்தில். ஆனால் மந்தாரக்குப்பத்தில் யாரும் மந்தாரக்குப்பம் என்று போடுவதில்லை. கல்யாணப் பத்திரிகையில் நெய்வேலி, கடைப் பலகையில் நெய்வேலி. எழில்மதியின் பயோடேட்டாவிலும் நெய்வேலிதான். போஸ்ட்மேனுக்கு இது தெரியும். மேப்புக்குத் தெரியாது. சொன்னதை நம்பி ஆட்களை அனுப்பிக்கொண்டிருந்தது.

“மந்தாரக்குப்பம்னு மாத்திடறேன் மேடம்.”

“வேணாம். நெய்வேலின்னாதான் டவுன்ஷிப்ல இருந்து நாலு பேர் வருவாங்க. கான்ட்ராக்ட் கூலிக்காரங்க இருக்கிற ஏரியான்னு தெரிஞ்சா எவ வருவா?”

“நான் அந்தக் கான்ட்ராக்ட் வூட்டுப் பொண்ணுதான் மேடம்.” குரல் உயரவில்லை. “நோட்டுல இருக்கிறதுல பாதிக்கு மேல இந்த ஏரியா ஆளுங்க. மந்தாரக்குப்பம்னு போட்டுதான் தேடறாங்க. பலகை, மருந்துச் சீட்டு, சைட், மேப், எல்லாத்துலயும் ஒரே அட்ரஸ் இருக்கணும். ஒண்ணொண்ணுல ஒண்ணொண்ணு இருந்தா அது நம்மள நம்பாது.”

“எது?”

“கூகுளு. ஆளுங்களுந்தான்.”

வெளியிலிருந்து பரமசிவத்தின் குரல் வந்தது. “யம்மா, சீக்கிரம் முடிவு பண்ணுங்க. எனக்கு இன்னிக்கும் நைட் ஷிப்டு.”

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். பிறகு, “மாத்து” என்றார்.

புதிய முகவரிக்குக் கூகுளிலிருந்து ஒரு ரகசிய எண்ணோடு தபால் அட்டை வரும். அந்த எண்ணைப் போட்டால்தான் மேப் மாறும். அதுவரைக்கும் பரமசிவத்தின் கேட்டில் எழில்மதியே ஒரு அட்டை கட்டினாள்: ‘தோல் டாக்டர் மந்தாரக்குப்பத்தில். இது வீடு. ஆள் தூங்குகிறார்.’ போஸ்ட்மேனைத் தினமும் வழிமறித்தாள். “லவ் லெட்டருக்குக்கூட யாரும் இப்படி நின்னதில்ல” என்றார் அவர். இருபத்துநான்காம் நாள் தபால் அட்டை வந்தது. ஐந்து எண்கள். ஒவ்வொன்றையும் இரண்டு தரம் சரிபார்த்து அடித்தாள்.

மார்கழியில் பரமசிவம் மறுபடி வந்தார். தலை சீவியிருந்தார். உட்கார நாற்காலி கிடைக்காமல் சுவரோரம் நின்றார்.

“இப்ப யாரும் தட்டுறதில்லம்மா. நல்லாத் தூங்குறேன்.”

“அப்புறம் என்னா சார்?”

அவர் சுற்றிலும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். “ஏன் என் வீட்டுக்கு வந்தானுங்கன்னு பாக்க உங்க சைட்டைப் படிச்சேன். பூட்ஸைப் பத்தி ஒண்ணு எழுதியிருக்கியே, அதேதான்.”

அவள் டோக்கன் எழுதிக்கொண்டிருக்கும்போது டாக்டர் கதவைப் பாதி திறந்து எட்டிப் பார்த்தார். “எழில், சீட்டுப் புத்தகம் தீரப்போகுது. அச்சாபீஸ்ல சொல்லிடு. மந்தாரக்குப்பம்னு போட்டு ஒரு வருஷத்துக்கு வர்ற மாதிரி.”

“சரிங்க மேடம்” என்றாள். பரமசிவத்தின் பெயருக்குப் பக்கத்தில் அவர் சொன்னதை அப்படியே எழுதினாள். அன்றைய டோக்கன் பத்தொன்பது.