உள்ளே கொழுவியிருந்த கதவு

பேய், கழிப்பு, நூல் கட்டுவது, இதிலெல்லாம் எனக்கு என்றைக்கும் நம்பிக்கை இருந்ததில்லை. கொட்டாஞ்சேனையில் ஒரு பார்மசியில் பன்னிரண்டு வருடமாக மருந்து கொடுக்கிறேன். காய்ச்சல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து “கண்ணூறு பட்டிட்டுது மிஸ்” என்பவர்களிடம், “கண்ணூறு இல்லை அம்மா, கிருமி” என்று சொல்லிச் சொல்லியே என் வாய் அலுத்துப்போனது. ஆகவே நான் சொல்லப்போவதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் எனக்குக் கோபம் வராது. உங்கள் இடத்தில் இருந்தால் நானும் சிரிப்பேன்.

கனடாவில் இருந்து என் மச்சாள், கணவரின் அக்கா, குடும்பத்தோடு வந்திருந்தார். காலிமுகத்திடல் பக்கம் ஒரு பெரிய ஹோட்டலில் தங்கினார்கள். பெயர் வேண்டாம். எங்களுக்கும் பக்கத்தில் ஒரு அறை எடுத்துவிட்டார். வெள்ளவத்தையில் சொந்த வீடு இருக்க, பஸ்ஸில் அரை மணித்தியாலத் தூரத்தில் ஹோட்டலில் போய்ப் படுப்பது எனக்கு ஒரு மாதிரித்தான் இருந்தது. “ஒரு நாளெண்டாலும் சமைக்காமல் இரும் பிள்ளை” என்றார் மச்சாள். போனோம். பத்தொன்பதாவது மாடி. கண்ணாடிக்கு வெளியே முழுக்கக் கடல். மகள் ஆதிராவுக்கு அப்போது மூன்றரை வயது, அவள் மெத்தையில் குதித்த குதியைப் பார்த்து, வந்தது நல்லதுதான் என்று நினைத்தேன்.

அவளுக்கு இழுப்பு வரும். குளிர், தூசி, ஐஸ்கிரீம், எது பட்டாலும் நெஞ்சு விசிலடிக்கத் தொடங்கிவிடும். அதனால் இன்ஹேலரும் அதைப் பூட்டி இழுக்கிற பிளாஸ்டிக் குழாயும் எப்போதும் என் கைப்பைக்குள்ளேயே கிடக்கும், பையும் தோளைவிட்டு இறங்காது. அந்தப் பழக்கம்தான் அன்றைக்கு என்னை ஏமாற்றியது.

இரண்டாம் நாள் மத்தியானம், மூன்று மணி இருக்கும். இவரும் மச்சாள் ஆட்களும் சீலை எடுக்கப் புறக்கோட்டைக்குப் போய்விட்டார்கள். காலையில் நீச்சல் தடாகத்தில் ஆடிய களைப்பில் ஆதிரா நித்திரை. பார்மசியில் இருந்து போன் வந்தது, ஒரு குழந்தைக்கு எவ்வளவு மருந்து கொடுப்பது என்று ஒரு சந்தேகம். அவள் எழும்பிவிடுவாளே என்று கதவைக் காலால் தடுத்துப் பிடித்தபடி வெளியே நின்று கதைத்தேன். கதைத்து முடிக்கையில் கால் கொஞ்சம் நகர்ந்திருக்க வேண்டும். அந்தக் கனமான கதவு போய் டக் என்று பூட்டிக்கொண்டது. திறக்கிற அட்டை உள்ளே, லைட் எரிவதற்காகச் சுவரில் செருகி வைத்தபடி.

பெரிதாகப் பயப்படவில்லை. நடைபாதையின் கோடியில் அறை துப்புரவு செய்கிற ஒரு சிங்கள அக்கா வண்டிலோடு நின்றார். “அக்கே, தொர அரின்ன” என்று கதவைத் திறக்கச் சொல்லிக் கூப்பிட்டேன். வந்து தன் அட்டையைக் காட்டினார், பச்சை வெளிச்சம் வந்தது, தள்ளினார். கதவு இரண்டு விரல் அகலம் திறந்து நின்றுவிட்டது. உள்ளே இரும்புக் கொழுவி போட்டிருந்தது.

“எதுலே கவ்த இன்னே மிஸ்?” என்று அவர் கேட்டார். உள்ளே யார் இருக்கிறது என்று.

மகள் மட்டும்தான் என்றேன். அவர் கொழுவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அது என் கண் உயரத்தில் இருந்தது. ஆதிரா என் இடுப்புக்கும் வரமாட்டாள்.

இடைவெளியால் பார்த்தால் மேசையின் ஒரு பக்கம், அதன்மேல் டெலிபோன், கட்டிலின் கால்மாட்டில் அவளுடைய இரண்டு பாதங்கள், இவ்வளவுதான் தெரிந்தது. அப்போதுதான் எனக்கு அந்தச் சத்தம் கேட்டது. விசில். ஏசி குளிர் நேராக அவள் மேல் அடித்துக்கொண்டிருந்தது.

“ஆதிரா, அம்மா இங்க நிக்கிறன் குஞ்சு, மெல்ல எழும்பி வாங்கோ” என்றேன். இருமினாள். “அம்மா” என்று ஒரு தரம் அழுதாள், பிறகு அழுகிற மூச்சும் வரவில்லை. மருந்து என் தோளில் தொங்குகிறது, பிள்ளை ஐந்தடி தூரத்தில் மூச்சுக்குத் தவிக்கிறாள். கையை உள்ளே விட்டேன், மணிக்கட்டோடு இறுகியது. தோளால் இடித்தேன். இன்ஹேலரை உள்ளே எறியலாம், ஆனால் மூன்றரை வயதுப் பிள்ளை அதை எடுத்து என்ன செய்யும்? அந்த அக்கா போனில் யாரையோ கூப்பிட்டுக் கத்தினார். எனக்குத் தெரிந்த மருந்தெல்லாம், அளவெல்லாம் ஒன்றுக்கும் உதவாமல் அந்தக் கார்பெட்டில் முழங்காலில் நின்றேன்.

நீங்கள் நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி, அடுத்ததாகப் பார்த்தது இதுதான். அவளுடைய பாதங்கள் மெத்தையை விட்டு மேலே போயின. குதிக்கவில்லை, உதைக்கவில்லை. நித்திரைப் பிள்ளையை யாராவது இரண்டு கையாலும் அள்ளித் தூக்கினால் கால் எப்படித் தொங்கும், அப்படித் தொங்கிக்கொண்டு மெதுவாக ஒரு பக்கமாய் நகர்ந்து என் கண்ணில் இருந்து மறைந்தன. இருமல் நின்றது. பக்கத்தில் நின்ற அக்கா “தெய்யனே” என்று கடவுளைக் கூப்பிட்டுத் தன் வாயைப் பொத்திக்கொண்டார். ஆகவே நான் மட்டும் பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்தில் குளியலறையில் தண்ணீர் திறந்த சத்தம் கேட்டது.

கறுப்புக் கோட் போட்ட மனேஜர் ஒருவர் ஓடி வந்தார். திருத்துவேலைக்காரர் கொழுவி கழற்றுகிற ஆயுதத்தோடு கீழே இருந்து வருகிறார் என்றார். நான் “உள்ளுக்கு யாரோ நிக்கினம்” என்று கத்தியதைக் கேட்டுத் தன் கைபேசியால் அறைக்கு அழைப்பு எடுத்தார். மேசையில் இருந்த டெலிபோன் அடித்தது. இடைவெளியால் அதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஆறேழு தரம் அடித்து நின்றது. ரிசீவர் இருந்த இடத்திலேயே இருந்தது, ஒரு கையும் அதைத் தொடவில்லை. ஆனால் மனேஜர் காதில் வைத்தபடி “ஹலோ, ஹலோ” என்றார், பிறகு பேசாமல் கேட்டார், பிறகு வெளிறிப்போய்க் கைபேசியை என்னிடம் நீட்டினார்.

“உங்கட அம்மாவா மேடம்? என்னை ஏசுறாங்க” என்றார்.

வாங்கினேன். ஒரு பெண் குரல். வயது சொல்ல முடியாது. கோபம் இல்லை, அலுப்பு மட்டும்.

“சத்தம் போடாதேங்கோ. இப்பதான் பிள்ளைக்கு மூச்சு இறங்குது.”

“நீங்க ஆர்? கதவைத் திறவுங்கோ, கையெடுத்துக் கும்பிடுறன்” என்றேன்.

“பொறுங்கோ” என்றது. அவ்வளவுதான். கட்டாகிவிட்டது.

திருத்துவேலைக்காரர் வந்து ஒரு வளைந்த தகட்டை உள்ளே விட்டார். மூன்று தரம் வழுக்கியது. நாலாம் தரம் கொழுவி விலக, நான்தான் முதலில் விழுந்தடித்து உள்ளே போனேன். அறை முழுக்க நீராவி. குளியலறையில் சுடுதண்ணீர்க் குழாய் முழுதாகத் திறந்திருந்தது. ஏசி நிறுத்தியிருந்தது. ஜன்னலோரக் கதிரையில் மூன்று தலையணையை முதுகுக்கு அணைத்து, நேராக நிமிர்த்தி வைத்தபடி ஆதிரா நித்திரை. சட்டையின் மேல் பொத்தான்கள் கழன்றிருந்தன. இழுப்பு வந்தால் நான் வீட்டில் என்னென்ன செய்வேனோ, அவ்வளவும் செய்திருந்தது. நெஞ்சில் காதை வைத்தேன். விசில் இல்லை.

கட்டிலுக்குக் கீழே, அலுமாரிக்குள், திரைக்குப் பின்னால், எல்லா இடமும் நாலு பேரும் தேடினோம். ஒருவரும் இல்லை. திறக்காத கண்ணாடி, பத்தொன்பது மாடி.

“அந்த ஆள் உங்களோட சிங்களத்தில என்ன கதைச்சவா?” என்று மனேஜர் கேட்டார்.

“சிங்களமா? தமிழிலதானே கதைச்சவா.”

“எனக்குச் சிங்களத்திலதான் ஏசினாங்க” என்றுவிட்டு அவர் கைபேசியைக் கோட்டுப் பைக்குள் போட்டார். பின்னேரம் கமராப் பதிவைப் பார்த்தார்கள். இவர் ஆட்கள் போன பிறகு எங்கள் கதவால் வெளியே வந்தது நான் மட்டும், கொழுவி விலகும்வரை உள்ளே போனது ஒருவரும் இல்லை.

இவர் வந்ததும் எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “கதவு அடிச்ச வேகத்தில கொழுவி தானா விழுந்திருக்கும். தண்ணியை நீர்தான் பூட்ட மறந்திருப்பீர். பதட்டத்தில மனுசருக்கு எல்லாம் கேக்கும்” என்றார். மனேஜரைக் கூட்டி வந்து இவர் முன்னால் கேட்டேன். பக்கத்தில் அவருடைய மேலதிகாரி நின்றார். “லைனில கொஞ்சம் இரைச்சல் மேடம், வேற ஒண்டும் இல்லை” என்றார் மனேஜர், என் முகத்தைப் பார்க்காமல். துப்புரவு அக்காவைத் தேடினேன், வேலை முடிந்து போய்விட்டார் என்றார்கள். எனக்குச் சாட்சி சொல்ல ஒருவரும் இல்லை. அன்றைக்கே சாமான்களைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன், மச்சாளுக்குக் கோபம் வந்தாலும் பரவாயில்லை என்று.

மூன்று நாள் நான் பிள்ளையிடம் ஒன்றும் கேட்கவில்லை. நாலாம் நாள் குளிப்பாட்டித் தலை துவட்டும்போது தாங்க முடியாமல் கேட்டுவிட்டேன், ஹோட்டலில் உன்னைத் தூக்கியது ஆர் என்று.

“ஒரு அம்மா” என்றாள், அதிலே என்ன புதினம் என்பது போல.

“என்ன சொன்னவா?”

“தன்னோட வாறியா எண்டு கேட்டவா.”

துவாய் என் கையிலேயே நின்றது. “நீங்க என்ன சொன்னனீங்கள்?”

“அம்மா வெளியில அழுறா, பேந்து வாறன் எண்டு சொன்னனான். ஓம் எண்டவா.”

இப்போது அவளுக்கு ஆறு வயது. அன்றைக்குப் பிறகு ஒரு நாளும் இழுப்பு வரவில்லை. வயது போகப் போகச் சில பிள்ளைகளுக்கு அது தானாக நின்றுவிடும் என்று டொக்டர் சொன்னார், நானும் கடைக்கு வரும் தாய்மாருக்கு அதையேதான் சொல்கிறேன். அவளுக்கு அந்த ஹோட்டலே ஞாபகம் இல்லை. நான் நினைவூட்டுவதும் இல்லை. ஆனால் சாப்பிடக் கூப்பிட்டால் எல்லாப் பிள்ளைகளையும் போல அவளும் உடனே வராமல் மற்ற அறையில் விளையாடிக்கொண்டே “பேந்து வாறன்” என்று சத்தம் போடுவாள். அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடிப்போய், அவள் என் பக்கம் பார்த்துத்தான் சொல்கிறாளா என்று பார்ப்பேன்.