சித்தி தினமும் ஊதிப் பார்த்த மெஷின்

மார்புநோய் மருத்துவமனையின் இரண்டாவது மாடியில், எக்ஸ்ரே அறைக்குப் பக்கத்துச் சின்ன அறைதான் சித்தியின் ராஜ்யம். ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், அதிலிருந்து நீளும் ஊதுகுழாய், மூக்கைப் பிடிக்க ஒரு கிளிப், கைப்பிடி வைத்த நாற்காலி. சுவரில் நுரையீரல் படம். வலப்பக்கம் மூன்று மடல், இடப்பக்கம் இரண்டு. இதயத்துக்கு வழிவிட்டு இடப்பக்கம் கொஞ்சம் குழிந்திருக்கும். யாராவது அதையே பார்த்துக்கொண்டிருந்தால், "உள்ளேயும் வாடகை வீடுதாங்க. ஒருத்தர் தள்ளி உக்காந்தாத்தான் இன்னொருத்தருக்கு இடம்" என்பார்.

கல்லூரிக் காலத்தில் மூன்று வருடம் சித்தி வீட்டில் இருந்தேன். வீட்டுச் சாவி ஒன்றுதான். அது சித்தியின் பையில் இருக்கும். அதனால் மத்தியானம் வகுப்பு முடிந்தால் அந்த அறைக்கு வெளியே வராந்தா பெஞ்சுக்கு வந்துவிடுவேன். புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, படித்ததைவிடக் கேட்டதுதான் அதிகம்.

வீட்டில் சித்தி அதிகம் பேசமாட்டார். அந்த அறைக்குள் நுழைந்தால் ஆளே வேறு. நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, ஒரே வீச்சில் ஊதி, கடைசிச் சொட்டுவரை வெளியே தள்ளவேண்டும். ஆறு விநாடியாவது தாக்குப்பிடிக்க வேண்டும். பாதியில் விட்டால் அளவு தப்பிவிடும். யாரும் தானாக அப்படி ஊதமாட்டார்கள், ஊதவைக்க வேண்டும். "ஊதுங்க ஊதுங்க ஊதுங்க, இன்னும் இருக்கு, விடாதீங்க, இருக்கு இருக்கு" என்று சித்தி நிறுத்தாமல் பிடிக்கும் இழுவை, எதிராளியின் மூச்சு தீரும்வரை நீளும். இருமிக்கொண்டே நடுவில் விட்டுவிட்ட ஒரு பஸ் டிரைவரிடம், "ஹாரன் அடிக்கத் தெரியுது, ஊதத் தெரியலையா? இன்னொரு தடவை" என்றது வராந்தா முழுக்கக் கேட்டது. வந்தவர்கள் சித்தியின் பெயரைக் கேட்டுக்கொள்ளவில்லை. 'ஊதுங்கம்மா' என்றே கூப்பிட்டார்கள்.

எவ்வளவு ஊதினாலும் ஒரு லிட்டருக்கு மேல் காற்று உள்ளேயே தங்கிவிடும் என்றும், அது இருப்பதால்தான் காற்றறைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் இருக்கின்றன என்றும் ஒருநாள் யாருக்கோ விளக்கிக்கொண்டிருந்தார். அன்று என்னால் ஒரு பக்கம்கூடப் புரட்ட முடியவில்லை.

சித்திக்கு ஒரு காலை வழக்கம் உண்டு. முதல் நோயாளி வருவதற்கு முன் தானே கிளிப்பை மூக்கில் மாட்டிக்கொண்டு ஊதிப் பார்ப்பார். எந்த நோயும் இல்லாத ஒரே ஆள் தினமும் ஊதினால், மெஷின் ஒழுங்காக இருக்கிறதா என்று தெரிந்துவிடும். பன்னிரண்டு வருடமாக அந்த ஆள் சித்திதான். மூன்று புள்ளி ஒன்று லிட்டர். தேதியோடு நோட்டில் எழுதுவார். ஜலதோஷம் பிடித்த நாட்களைத் தவிர, அது அசைந்ததே இல்லை.

நான் அங்கே இருந்த இரண்டாம் வருடம் அது அசைந்தது. முதலில் மூன்று. சில மாதத்தில் இரண்டு தொண்ணூறு. பிறகு இரண்டு எழுபது. சித்தி மெஷினைச் சந்தேகப்பட்டார். மெக்கானிக்கை வரவழைத்தார். அவர் மூன்று லிட்டர் பிடிக்கும் பெரிய சிரிஞ்சை மாட்டித் தள்ளினார். திரை மிகச் சரியாக மூன்று என்றது. சிரிஞ்சின் அளவே தப்பு என்றார் சித்தி. மெக்கானிக் வேறு சிரிஞ்ச் கொண்டுவந்தார். அதுவும் மூன்று. மூன்றாம் முறை வந்தபோது அந்த மனிதருக்குப் பொறுமை போய்விட்டது.

"அக்கா, மெஷின் மேல ஒரு தப்பும் இல்ல. கோவில்ல வேணா சத்தியம் பண்றேன்."

"சத்தியம் எல்லாம் வேணாம். சென்சரை மாத்து."

சென்சரையும் மாற்றினார். மறுநாள் காலை இரண்டு அறுபத்தைந்து.

மாடிப்படியில் சித்தி நடுவில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொள்வதையும், இரவில் வறட்டு இருமல் இருமுவதையும் நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். சொல்லவில்லை. வயசாகுது இல்லையா என்று சித்தியே சொல்லிக்கொண்டார். நானும் அதையே வசதியாக நம்பிக்கொண்டேன்.

பெயின்ட் கம்பெனி மேஸ்திரி ஒருவர் வருடாவருடம் பரிசோதனைக்கு வருவார். அந்த வருடமும் வந்து ஊதினார். பழைய ரிப்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார் சித்தி. போன வருடம் மூன்று நாற்பத்திரண்டு. இப்போது மூன்று நாற்பத்தொன்று. மறுபடி ஊதச் சொன்னார். மூன்று நாற்பத்திரண்டு.

"எதாச்சும் கோளாறாம்மா?" என்று மேஸ்திரி பயந்துபோய்க் கேட்டார்.

"உங்களுக்கு ஒண்ணும் இல்லண்ணே. நீங்க நல்லா இருக்கீங்க."

கதவு திறந்திருந்ததால் பெஞ்சிலிருந்தே எனக்கு எல்லாம் தெரிந்தது. மெஷின் குறைத்துக் காட்டினால் அவருக்கும் குறைந்திருக்க வேண்டும். அதை யாரும் சித்திக்குச் சொல்லவேண்டியதில்லை. மேஸ்திரி போன பிறகு நோட்டைத் திறந்து ஒன்றரை வருடப் பக்கங்களைப் பின்னாலிருந்து முன்னால் புரட்டினார். பிறகு எழுந்து நேராக டாக்டர் அறைக்குப் போனார். அன்று என்னிடம் சாவியைக் கொடுத்து, நீ போ, நான் வர நேரமாகும் என்றார்.

ஸ்கேனில், இரண்டு நுரையீரலிலும் மெல்லிய வலை பின்னியதுபோல் தழும்பு. வீட்டில் பறவை உண்டா என்று டாக்டர் கேட்டாராம். "வளர்க்கல சார், அதுங்களா வருது" என்றாராம் சித்தி. பால்கனியில் ஒரு கூட்டம் புறா. ஞாயிறுதோறும் காய்ந்த எச்சத்தைச் சுரண்டிப் பெருக்குவது சித்தியின் வேலை. அந்தத் தூசிதான். சிலருக்கு நுரையீரல் அதைப் பொறுத்துக்கொள்ளாதாம். தழும்பானது தழும்புதான், தூசி நின்றால் மேலே பரவாமல் இருக்கலாம், இருக்கலாம்தான் என்று டாக்டர் அழுத்திச் சொன்னார். மாத்திரை கொடுத்தார். மூச்சைப் பிடித்துக் கத்தவேண்டாத ரெக்கார்டு ரூமுக்கு மாற்றிக்கொள்கிறாயா என்றும் கேட்டார்.

அதுதான் சித்தியை உலுக்கியது. நோயைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "என்னைக் கொண்டுபோய்க் காகிதத்துக்குக் காவல் வைக்கப் பாக்கறாங்க" என்று சித்தப்பாவிடம் சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். டாக்டரிடம் மூன்று மாதத் தவணை கேட்டு வாங்கினார். சித்தப்பாவும் நானும் முகத்தில் துணி கட்டிக்கொண்டு பால்கனியைக் கழுவி வலை அடித்தோம். சித்தி அந்த இரண்டு நாள் அக்கா வீட்டில், அதாவது எங்கள் அம்மாவிடம், இருந்தார்.

ஆனால் அந்த இழுவை போய்விட்டிருந்தது. எதிராளியின் மூச்சு தீர்வதற்கு முன் சித்தியுடையது தீர்ந்தது. குரல் நின்றதும் அவர்களும் ஊதுவதை நிறுத்தினார்கள். ஒரு வாரம் ரிப்போர்ட் எல்லாம் அரைகுறை. அடுத்த வாரம் சித்தி நாற்காலியை நோயாளிக்கு நேர் எதிரே இழுத்துப் போட்டுக்கொண்டார். "ஊதுங்க" என்று ஒரே ஒரு தடவை. பிறகு வலது கையை உயர்த்தி, கண்ணைப் பார்த்துக்கொண்டே மெதுவாகக் கீழே இறக்குவார். கை மேசையைத் தொடும்வரை யாரும் விடவில்லை. வராந்தாவில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அந்த அமைதிக்குப் பழக வெகுநாளாயிற்று.

மூன்று மாதம் முடிந்தபோது சித்தியின் அளவு இரண்டு ஐம்பத்தைந்து. அடுத்த மாதமும் அதே. டாக்டர் ரெக்கார்டு ரூம் பேச்சை எடுக்கவில்லை. ஆனால் மெஷினைச் சரிபார்க்க இனி வேறு ஆள் வேண்டும், அதைச் சித்தியே பார்த்துக்கொள்ளட்டும் என்றார். பக்கத்து அறை எக்ஸ்ரேக்காரர் மாட்டிக்கொண்டார். டீ குடிக்கப் போகிறவரைத் தினமும் வழிமறித்து உட்காரவைத்தார் சித்தி.

"நாலு லிட்டர் பத்து. நேத்து நாலு இருபது. சிகரெட்டா?"

"இல்லக்கா, தூக்கம் சரியில்ல."

"பொய் சொல்லாத தம்பி. என் மெஷின் பொய் சொல்லாது. கிளிப்பை மாட்டு, மறுபடி ஊது."